புதன்கிழமை இறைப்பு

சண்டைக் காலத்தில் முதலில் மண்ணெண்ணெய்க்குத் தடை வந்தது; இறைப்பு மிஷின் நின்றது. பிறகு உரத்துக்குத் தடை. அதற்குப் பிறகு பாதை பூட்டு. கொழும்புக்குப் போகவேண்டிய வெங்காயம் கொட்டிலிலேயே அழுகியது. கடைசியாகச் சோமசேகரம் கதைப்பதை நிறுத்தினான்.

முதல் மூன்றுக்கும் கோப்பாய் ஊர் அரசாங்கத்தைத் திட்டியது. நாலாவதுக்கு அவனையே திட்டியது. சோம்பேறியாம்.

"மூண்டு புதன் இறைப்புக்கு வரேல்லை. கட்டுப்பாட்டின்படி அவன்ரை தண்ணி முறை போச்சு," என்றார் பொன்னம்பலம், கிணற்றடிக் கூட்டத்தில். பங்குக் கிணற்றில் பெரிய பங்கு அவருடையது. கூலிக்கு ஆள் வைத்து இறைப்பிப்பவர்.

சோமசேகரத்தின் மனைவி ஞானாம்பிகை முன்னுக்கு வந்தாள். முறை போனால் நாலு பரப்புக் காணியின் பயிரும் கருகும்.

"அவர் சோம்பேறி இல்லை அண்ணை. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். அது வருத்தம், நோய்."

"சுவர் பார்க்கிற வருத்தமோ? எனக்கும் வந்தால் நல்லம்!" என்றான் ஒருவன். கிணற்றடி சிரித்தது.

"சிரியுங்கோ! காய்ச்சல் எண்டால் இளநீரோடை வந்து பார்த்திருப்பியள். இதுக்கு ஒருத்தரும் எங்கடை படலையைத் திறக்கேல்லை!"



பொன்னம்பலம் அசையவில்லை. "பிள்ளை, மிஷின் இல்லை, இப்ப துலாதான். மேலை ஏறி ஒருத்தர் மிதிக்கவேணும், கீழை ஒருத்தர் தண்ணிப் பட்டை பிடிக்கவேணும். ரெண்டு ஆள் இருக்கோ?"

"நான் மிதிக்கிறன். அவர் பட்டை பிடிப்பார்."

"உவன் எழும்புவானோ? இஞ்சை வந்து தன்ரை வாயாலை கேட்கச் சொல்லு, பாப்பம்."

ஞானாம்பிகை வீட்டுக்கு ஓடினாள்.

அரை மணித்தியாலம் கழிந்தது. சிலர் போகச் சைக்கிளை எடுத்துவிட்டார்கள். அப்போது ஒழுங்கையில் அவள் வந்தாள், ஊர் பார்க்கப் புருசனின் கையைப் பிடித்தபடி. தாடியும் கசங்கிய சாரமுமாய்ச் சோமசேகரம் கிணற்றடியில் வந்து நின்றான். வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

"என்ரை முறை எனக்கு வேணும்."

ஒரு மாதத்தில் அவன் வெளியில் பேசிய முதற் சொற்கள். ஞானாம்பிகை எல்லாரையும் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

பொன்னம்பலம் மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்துச் கிணற்றுச் சங்கச் செயலாளர் தேவராஜாவிடம் நீட்டினார். "காலமையே எழுதிப்போட்டன். எல்லாருக்கும் கேட்க வாசியும்."

"புதன்கிழமை. பட்டை பிடிக்க, சோமசேகரம்."

தேவராஜா அடுத்த வரியைப் பார்த்தார். பொன்னம்பலத்தைப் பார்த்தார். திரும்பவும் கடுதாசியைப் பார்த்தார்.

"துலா மிதிக்க, பொன்னம்பலம்."