மாட்டு ஸ்டேஷன்

"நாலு லட்சம் யூரோ! எதுக்கு? மூணு மாடு மேயற வயல்ல ஒரு ஸ்டேஷன் கட்ட!"

மன்ற உறுப்பினர் ஆல்வின் மேசையில் ஓங்கி அடித்தார். ஃபுக்ஸ்வைலர் ஊர் மன்றமே சிரித்தது. மேயர் கெர்லிண்டே மட்டும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஐந்து ஊர்கள் பங்கு போட்டு இலகு ரயில் பாதை அமைக்கின்றன. தண்டவாளச் செலவு மக்கள்தொகைப்படி. நிறுத்தம் எந்த ஊர் எல்லைக்குள் வருகிறதோ, அந்தச் செலவு அந்த ஊர் தலையில்.

ஃபுக்ஸ்வைலர் சின்ன ஊர். சர்ச் வாசலில் ஒரு நிறுத்தம் தாராளம். கூட்டுக் குழுவுக்குப் போன கெர்லிண்டே, ஊர்க்கோடியில் இன்னொன்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அங்கே இறங்கறவங்க இருக்காங்க, ஆல்வின்."

"நம்ம ஊர்க்காரங்களா?"

"இல்லை."

"கேட்டுக்கோங்கப்பா! ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஹார்டன்ஃபெல்ட். அம்புட்டும் பணக்காரனுங்க. அவங்க ஆளுங்க இறங்கறதுக்கு நாம செலவு பண்ணணுமாம். மேயரம்மா, பாலர் பள்ளிக் கூரை ஒழுகுதே, அதுக்கு?"

"கூரையை அடுத்த வருஷம் மாத்திடலாம்."

"சரிதான். புள்ளைங்க குடை பிடிச்சுக்கிட்டுப் படிக்கட்டும். மாடுங்க ஜம்முனு ரயில் ஏறட்டும்!"

ஆல்வினுக்குக் கடைத்தெருவில் இறைச்சிக் கடை. பன்றித் தொடையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வாடிக்கையாளர் காதில் ஓதினார்.

"அந்த வயல் யாரோடதுன்னு நினைக்கறீங்க? மேயரம்மாவோட மச்சினனோடது. நான் ஒண்ணும் சொல்லலை, நீங்களே புரிஞ்சுக்கோங்க."

வயல் ஊர்ப் பொதுச் சொத்து. பத்திரத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை. தொடைக்கறியை வாங்கிக்கொண்டு புரிந்துகொண்டார்கள்.

தேர்தல் வந்தது. ஆல்வினின் சுவரொட்டியில், வாயில் டிக்கெட்டைக் கவ்விய மாடு ஒன்று கேட்டது: "அடுத்த ரயில் எப்போ...ம்மா?"

ஊரே சிரித்தபடி ஓட்டுப் போட்டது. கெர்லிண்டே ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் தோற்றார்.

ரயிலும் ஓட ஆரம்பித்தது. புது மேயர் ஆல்வின் பத்திரிகைக்குப் போன் போட்டார். "முதல் அறிவிப்பு. என்னன்னு இப்போ சொல்ல மாட்டேன். கேமராவோட வாங்க, ஊர்க்கோடி ஸ்டேஷனுக்கு."

ஆளில்லாத நிறுத்தத்தில் நின்றபடி 'இதை மூடுகிறேன்' என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம். பத்து மணிக்கு வரச் சொன்னார். நிருபர் பெண்ணுக்கு ஏழரைக்குத்தான் நேரம் இருந்தது. போன வாரம்தான் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

'ஏழரைக்கு மட்டும் யார் வரப்போறாங்க?' என்று ஆல்வின் ஒத்துக்கொண்டார்.

ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது.

முதலில் ஒரு சக்கர நாற்காலி இறங்கியது. பின்னால், கையைக் கோத்துக்கொண்டு இரண்டு பெண்கள். அடியை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஒரு பெரியவர். அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். ரோட்டைத் தாண்டினால் எதிரே அவர்கள் வேலை பார்க்கும் இடம், மாற்றுத்திறனாளிகள் பட்டறை.

அந்தக் கட்டடத்தை ஆல்வின் எட்டு வருஷமாகப் பார்க்கிறார். ஏதோ கிடங்கு என்றே நினைத்திருந்தார்.

வட்ட முகம், சிவப்புத் தொப்பி. டீலோ என்று பெயர் சொன்ன ஒருவரை நிருபர் நிறுத்தினார்.

"பட்டறை ஹார்டன்ஃபெல்ட் எல்லையிலதானே இருக்கு? ஸ்டேஷன் மட்டும் ஏன் இந்தப் பக்கம்?"

"அவங்க வேணாம்னுட்டாங்க. நாங்கல்லாம் ஓசி பாஸ்காரங்களாம். எங்களுக்கு எதுக்கு ஸ்டேஷன்னு கேட்டாங்களாம். ஃபுக்ஸ்வைலர் மேயர்தான், 'அப்போ எங்க பக்கம் போடுங்க'ன்னு சொன்னாங்களாம். பட்டறைல பேசிக்கிட்டாங்க."

நிருபர் ஆல்வின் பக்கம் திரும்பினார்.

"ஃபுக்ஸ்வைலர் மேயர் நீங்கதானே, சார்?"

ஆல்வின் கேமராவைப் பார்த்தார். டீலோவைப் பார்த்தார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா. நான்தான்."

டீலோ அவரை அப்படியே கட்டிக்கொண்டார். கேமரா சொடுக்கியது.

"ஏதோ அறிவிப்புன்னு சொன்னீங்களே, சார்?"

"அதுவா... இந்த ஸ்டேஷனை எந்தக் காலத்துலயும் மூட விட மாட்டேன்! மனிதாபிமானத்துக்கு ஊர் எல்லை கிடையாது. எழுதிக்கோங்க."

அதை மூட நினைத்த ஒரே ஆள் அவர்தான். நிருபர் எழுதிக்கொண்டார்.

ரோட்டில் லாரிகள் பறந்தன. சிக்னல் கிடையாது. அதற்கும் செலவு செய்ய ஹார்டன்ஃபெல்ட் மறுத்திருந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்மணி நடுரோட்டில் இறங்கிக் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார். ஆட்களைப் பத்துப் பத்துப் பேராக அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். தினமும் காலையில் அதுதான் அவருக்கு வேலை. சம்பளம் இல்லை. அவர் பழைய மேயர் என்று டீலோவுக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை.

கடைசியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகத் திரும்பி வந்தார் கெர்லிண்டே. ஆல்வின் பேசியது அத்தனையும் காதில் விழுந்திருந்தது. அவரை ஒரு கணம் பார்த்தார். ஆல்வின் தரையைப் பார்த்தார்.

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே நிருபர் கத்தினார்.

"ஏம்மா, மஞ்சச் சட்டை! கொஞ்சம் ஓரமாப் போங்க. மேயரை மறைக்கறீங்க!"