தொப்பிக்குள் இருபது நிமிடம்

அன்னப்பூரணியின் தலையில் லேசர் தொப்பியை வைத்து, தாடைக்குக் கீழே பட்டியை மாட்டிவிட்டாள் சிகிச்சையாளர் நிருஷா.

பக்கத்து நாற்காலியில் புஸ்பம் காத்திருந்தாள். இன்று பன்னிரண்டாவது தடவை. எழுதிக் கொடுத்த சிகிச்சை இதோடு முடிகிறது.

இருவருக்கும் நாவற்குடாவில் அடுத்தடுத்த வீட்டு வளவு. அன்னப்பூரணி, புஸ்பத்தின் அண்ணன் மனைவி. அண்ணன் காலமாகிவிட்டார். மச்சாள்மார் இருவரும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.

அன்னப்பூரணியின் மகன் சுதாகரனைப் புஸ்பத்தின் மகளுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். அவன் லண்டனில் வேறொரு பெண்ணைக் கட்டினான். புஸ்பம் அதைத் தெரிந்துகொண்டது பேஸ்புக்கில் வந்த கலியாணப் படத்தைப் பார்த்து.

நாலு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், அன்னப்பூரணியின் வளவிலிருந்து வேலிக்குக் கீழால் தண்ணீர் ஓடிவந்து புஸ்பத்தின் மிளகாய்ப் பாத்தியை நிரப்பியது. சண்டைக்கென்றே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள் புஸ்பம். போனவள் கண்டது, ஓடுகிற தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வாய் கோணிக் கிடந்த மச்சாளை.

பாரிசவாதம். நேரத்தோடு கொண்டு வந்ததால்தான் தப்பினார் என்றார் டொக்டர்.

வலது கை சோர்ந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. சுதாகரன் வந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஒழுங்கு செய்துவிட்டுத் திரும்பிப் போனான். செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோவில் கல்லடிப் பாலத்தைக் கடந்து நிருஷாவிடம் கூட்டி வருவதைப் புஸ்பம் எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை.

கூட்டி வந்தாளே தவிர, பேசவில்லை. "அவவ இறங்கச் சொல்லுங்க" என்று ஆட்டோக்காரரிடம்தான் சொல்வாள்.

முதல் நாளே நிருஷா ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். இந்த ஒளி எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, பயிற்சிதான் பிரதானம் என்று.

தொப்பிக்குள் ஒரு வெளிச்சத்தையும் காணவில்லை என்று புஸ்பத்துக்குச் சந்தேகம். நிருஷா போன் கமராவைப் பிடித்துக் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாதது திரையில் சின்னச் சின்ன ஊதாப் பொட்டுகளாகத் தெரிந்தது.

"மண்டூர்த் திருவிழா மாதிரி இரிக்கு" என்று சிரித்தாள் புஸ்பம். அதையும் நிருஷாவிடம்தான் சொன்னாள்.

மூன்றாவது தடவைதான் அவள் வாய் பொறுக்கவில்லை.

இருபது நிமிடம். எழுந்து போக முடியாத மச்சாள். பதில் சொல்ல முடியாத மச்சாள். இப்படியொரு சந்தர்ப்பம் இனி எங்கே கிடைக்கும்.

ஒன்பது வருடத்தையும் அவிழ்த்தாள். கலியாணப் படம் பார்த்த அன்று அடுப்பில் கருகிய கறி. மகள் சாப்பிடாமல் கிடந்த நாட்கள். பிறகு மண்டூரில் கிடைத்த வாத்தியார் மருமகன், அவர் எவ்வளவு நல்லவர், பேரப்பிள்ளைகள் எவ்வளவு குழப்படி. நடுவில் மாங்காய்க் கொப்பு வெட்டிய வழக்கும் வந்தது. அன்னப்பூரணியின் கண் சில நேரம் கலங்கும். மாங்காய்க் கொப்புக்கு மட்டும் முறைத்தாள்.

ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றியதும் நிருஷா அன்னப்பூரணியை உள்ளறைக்குக் கூட்டிப் போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுப்பாள். அந்த அரை மணித்தியாலத்தில் புஸ்பம் தேத்தண்ணி குடிக்கப் போவாள்.

இன்று புஸ்பம் நாற்காலியை மச்சாளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள்.

"சுதாகரன் கட்டாததுக்குக் கோவமில்ல மச்சாள். ஒரு வேலிதானே நடுவில. நீங்க வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

இயந்திரம் 'பீப்' என்றது. நிருஷா தொப்பியைக் கழற்றினாள்.

புஸ்பம் அவள் பக்கம் திரும்பினாள். "இனியும் கூட்டி வரணுமா மகள்?"

நிருஷா சிகிச்சை அட்டையைத் திறந்தாள். ஏழாவது தடவைக்கு நேரே அவளே எழுதிய வரி இருந்தது. 'முழு வசனமாகப் பேசினார். மச்சாளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.'

அவள் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டாள்.

"வெக்கம், புஸ்பம்."

அன்னப்பூரணிதான். மெதுவாக, ஆனால் ஒரு எழுத்தும் சிதையாமல்.

"உன்ட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு. இப்பயும் நான் வாயத் திறந்தா, நீ கதைக்கிறத நிப்பாட்டிருவாய் எண்டுதான் பேசாம இரிந்தன்."

நிருஷா புஸ்பத்தின் முகத்தைப் பார்த்தாள். அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. புஸ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக மச்சாளின் ஊன்றுகோலை எடுத்து நீட்டினாள்.

"தெரியும். எட்டாம் தரம் தொப்பியோட நித்திரையாகி, நல்ல வடிவாக் கதைச்சீங்க. அண்டையிலிருந்து நாலு தரமா, எப்ப எனக்குப் பதில் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிக்கன்."

அன்னப்பூரணி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நித்திரையில நான் என்ன சொன்னன்?"

புஸ்பம் அவளுடைய வலது கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை வாங்க. தொப்பியப் போட்ட பொறகு சொல்றன்."