கடைத்தெரு முனையில் பெரிய திரை

கேமரா அறையில் வேலை பார்க்கும் கலைமதி படங்களை ஒளித்து வைக்கிறாள் என்று தெரிந்ததும் சித்தார்த்தனுக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவும் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிற நாளில்.

திண்டிவனத்தில் ஸ்மார்ட் நகரத் திட்டத்தை எடுத்து நடத்தும் கம்பெனிக்கு அவன்தான் மேலாளர். கம்பம், கேமரா, ஒயர் என்று எத்தனையோ செய்தாலும் அவன் பெருமையெல்லாம் கடைத்தெரு முனையில் நிறுத்திய பெரிய திரையில்தான் இருந்தது. குப்பை வீசுகிறவர்களையும் சுவரோரம் ஒதுங்குகிறவர்களையும் கேமரா பிடிக்கும். அடுத்த வாரம் அந்த முகங்கள் திரையில் ஓடும். 'நம் நகரை அசிங்கப்படுத்தியவர்கள்' என்று கீழே கொட்டை எழுத்து.

அபராதம் போட்டால் நம் ஜனங்களுக்கு உறைக்காது, அவமானப்படுத்தினால்தான் உறைக்கும் என்று எல்லா மீட்டிங்கிலும் சொல்வான்.

அதே முனையில், மாடியில் இருந்த ஆபீசுக்குக் கீழே, கம்பெனி கட்டிய கழிப்பறையும் இருந்தது. ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு. திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் யாரும் தேதி கொடுக்காததால் அந்தக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது.

கலைமதி வானூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து போகிறவள். எதற்காகப் படங்களை ஒளித்து வைத்தாய், உனக்கு வேண்டியவர்களா என்று சித்தார்த்தன் கேட்டான். யாரையுமே தெரியாது என்றாள்.

"எல்லாம் வயசானவங்க சார். மொதல்ல கக்கூஸ் கதவைத்தான் தட்டிப் பாக்கறாங்க. தெறக்கலைன்னதும் தவிச்சிக்கினு நிக்கறாங்க. அப்புறம்தான் செவுத்தோரம் போறாங்க. கேமராவுல எல்லாம் தெரியுது சார். எனக்கு மனசு வரலை."

பரிதாபப்படுவதற்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கவில்லை என்றான். நாளையிலிருந்து வர வேண்டாம், இப்போதே கிளம்பு என்றான். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஒளித்து வைத்த படங்களை மொத்தமாக அள்ளித் திரைக்கு அனுப்பினான். ஒவ்வொன்றாகப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. எத்தனை பேரைப் பிடித்தோம் என்பதுதானே அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.

அதிகாரி வந்தார். கார், ஜீப் என்று நாலைந்து வண்டிகள் நின்றதும் கடைத்தெருவில் கூட்டம் கூடிவிட்டது. சித்தார்த்தன் திரைக்குக் கீழே நின்று விளக்கினான். ஒரு முகம் வந்தது, ஜனங்கள் சிரித்தார்கள். இன்னொரு முகம் வந்தது, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பாருங்கள் சார், இதுதான் நடத்தை மாற்றம் என்றான். அதிகாரியும் தலையாட்டினார்.

மூன்றாவதாக ஒரு கிழவர் வந்தார். தோளில் பச்சைத் துண்டு. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, யாராவது பார்க்கிறார்களா என்று பயந்துபோய்த் திரும்பிய முகம்.

சித்தார்த்தன் நிமிர்ந்து பார்த்தான். அது அவன் அப்பா விருத்தாசலம்.

போன வாரம் மகனுக்கென்று மல்லாட்டைக் கடலை வறுத்து எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். மீட்டிங்கில் இருக்கிறேன், கீழேயே இருங்கள், மேலே வர வேண்டாம் என்று போனில் சொன்னவன் அவன்தான். அவர் சர்க்கரை நோயாளி என்பதும் அவனுக்குத் தெரியும். மத்தியானம் தாண்டித்தான் இறங்கி வந்தான். அதற்குள் அவர் ஒதுங்கிய அந்தப் பொழுதுதான் இப்போது வீடு உயரத்துக்குத் திரையில் நின்றது.

கூட்டத்தில் ஒருத்தன் விசிலடித்தான். ஒரு பூக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"படத்துல இருக்கற ஆளு இங்கயே நிக்கறாரு பாருங்க" என்று ஒரு குரல் வந்தது.

சித்தார்த்தன் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தின் முன்வரிசையில் அதே பச்சைத் துண்டோடு அப்பா நின்றிருந்தார். பெரிய அதிகாரி வருகிறார் என்று முந்தின நாள் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தான். மகன் அந்த அதிகாரி பக்கத்தில் நிற்பதைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் அவரை விட்டு ஓரடி நகர்ந்துகொண்டார்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். "உங்களையே பார்க்கறாரே. தெரிஞ்சவரா?"

ஒரு வார்த்தை போதும். எங்க அப்பா சார் என்றால் போதும். திரையை நிறுத்தச் சொல்ல அவனுக்கு அதிகாரம் இருந்தது. அவரைக் கைப்பிடித்து நிழலுக்கு அழைத்துப் போக இரண்டு கையும் இருந்தன. ஆனால் அந்த நேரத்தில் அவன் கண்ணில் நின்றது அடுத்து வரப்போகும் விழுப்புரம் திட்டம். அதையும் இந்தக் கம்பெனிக்கே கொடுக்கலாமா என்று முடிவு செய்பவர் எதிரே நின்றிருந்தார்.

"தெரியாது சார்" என்றான் சித்தார்த்தன். "யாரோ வெளியூர் ஆளு. இவங்களாலதான் சார் ஊரே நாறுது."

சொன்னது கூட்டம் முழுக்கக் கேட்டது. விருத்தாசலத்துக்கும் கேட்டது.

அதிகாரி கிழவரிடம் வந்தார். எந்த ஊர் பெரியவரே என்று கேட்டார். இவரைத் தெரியுமா என்று சித்தார்த்தனைக் காட்டினார்.

விருத்தாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"விழுப்புரங்கய்யா. தப்பு என்னுதுதான், மன்னிச்சிக்குங்க. தம்பி சொல்றது நெசந்தான். இந்த ஊர்ல எனக்கு யாருமே இல்லீங்க."