சாட்சிக்கு நின்றவர்

"அயர்லாந்து எண்டால் எந்த ஊர்? ஊர் இல்லாத மனுசன் உண்டோ?"

நித்தியானந்தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். மகள் மிதுசா தலை குனிந்தாள்.

"அப்பா, மார்ட்டின் இஞ்ச ஜெர்மனியில, டோர்ட்முண்டில பிறந்தவன். பாட்டனுக்குப் பாட்டன்தான் அங்கயிருந்து சுரங்க வேலைக்கு வந்தவராம். எந்த ஊர் எண்டு அவங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

"எங்கட கோயில் தேருக்கு வாற சனம், 'மாப்பிள்ளை எந்த ஊர், என்ன ஆக்கள்?' எண்டு கேட்டால் நான் முகத்தை எங்க வைக்கிறது? விசாரிச்சுக்கொண்டு வரச் சொல்லு. பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்."

தேநீர் கொண்டுவந்த நேசமலர் குறுக்கிட்டாள். "எங்கட கலியாண எழுத்துக்கு உங்கட பக்கத்தில ஒரு குருவியும் வரேல்லை. அகதி முகாமில உங்களோட இருந்த நடேசண்ணைதான் சாட்சிக்கு நிண்டவர். அவரையும் பிறகு இந்தப் பக்கம் காணேல்லை. என்ர அப்பா ஏதும் கேட்டவரே?"

"கேட்டவர். நான் ஊரும் பேரும் சொன்னனான். கொப்பருக்குத் திருப்தி. நீ போய் வேலையைப் பார்."

ஆனி மாதம் மார்ட்டின் வந்தான். உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காக எதிர்வீட்டுப் பால்கனிகளில் கொடிகள் பறந்தன. அவன் மட்டும் சோபாவின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்து, ஜெர்மனில் மெதுவாகச் சொன்னான்.

"மூதாதையின் ஊர் தெரியாவிட்டால், அவருடைய கலியாணத்துக்குச் சாட்சி நின்றவரைத் தேட வேண்டுமாம். நாடு விட்டு வந்தவர்கள் தங்கள் ஆட்களைத்தான் பக்கத்தில் நிறுத்துவார்களாம். எங்கள் பாட்டனின் பாட்டனுக்கு அப்படி நின்றவரின் வழிவந்தவர்களைப் பிடித்தேன். அவர்களுக்கு ஊர் தெரிந்திருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்."

"என்ன தொழில் செய்த ஆட்கள்?"

மார்ட்டின் மிதுசாவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஊராரின் அழுக்குத் துணி வெளுத்தவர்கள்."

நித்தியானந்தன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "பார்த்தியே நேசம்? இதுக்குத்தான் விசாரிக்கவேணும் எண்டனான். எங்கட குடும்பத்துக்கு ஒரு மானம் இருக்கு. இந்தச் சம்பந்தம் ஏலாது."

மிதுசா விம்மினாள். மார்ட்டினுக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. முகம் சிவக்க எழுந்தான்.

"மன்னியுங்கள். நீங்கள் சம்மதிப்பீர்கள் என்றுதான் அவர் சொன்னார்."

"எவர்?"

"எங்கள் கலியாணத்துக்கு உங்கள் உறவில் ஒருவராவது வரட்டுமே என்று, அதே வழியில் உங்களுக்குச் சாட்சி நின்ற நடேசனையும் தேடினேன். பீலெஃபெல்டில் இருக்கிறார். என் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். 'எங்கள் அப்பாவுக்கும் அதே தொழில்தான், என் தம்பி மறுக்க மாட்டான்' என்றார். கீழே காரில் இருக்கிறார். அழைத்து வரட்டுமா?"