வாசலில் ஒரு குடுவைப் பால்

தினமும் விடிந்ததும் வாசலில் ஒரு குடுவை ஒட்டகப் பால் இருக்கும். தினமும் அதை நாய்க்கு ஊற்றிவிடுவாள் கெமுண்டோ.

சல்பி பாலைவன ஓரத்து ஒற்றை அறை ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து இரண்டு மாதம். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்டவெளி. கிசி மலையில் மழையும் வாழையுமாக வளர்ந்தவள், கிடைத்த வேலையை விடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பால்தான் தொண்டையில் இறங்கவில்லை. ஒரே புகை நாற்றம். மேலே கரித்தூள் வேறு. பாத்திரம் கழுவக்கூடத் தெரியாத ஜனங்கள் என்று வீட்டுக்குப் போனில் சொல்லிச் சிரித்தாள்.

அன்று குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். தலாசோ என்பவளின் மகன் வாரியோ போன மாதத்தைவிட முக்கால் கிலோ குறைந்திருந்தான்.

கெமுண்டோவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"கழுத்து நிறைய பாசிமணி. பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கான். பால் குடுக்கிறியா இல்லையா?"

"மூணு வாரமா இல்ல சிஸ்டர்."

"உன்கிட்ட கறவை ஒட்டகம் இருக்குல்ல? பாலை வித்துடறியா?"

வரிசையில் நின்ற பெண்கள் திடுக்கிட்டார்கள். பாலை விற்பது அங்கே பெரிய மானக்கேடு. தலாசோ தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற கபாலே என்பவள் பொறுக்கமாட்டாமல் முன்னே வந்தாள்.

"குடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னு அவ சொல்லமாட்டா, நான் சொல்றேன். உங்களுக்குப் பால் வைக்க வீட்டுக்கு ஒரு நாள் முறை போட்டிருந்தோம். மழை இல்லாம எங்க ஒட்டகமெல்லாம் வத்திப்போச்சு. இப்ப இவளோடது மட்டும்தான் கறக்குது. அதுவும் ஒரே குடுவை. அது கெட்டுப்போகக் கூடாதுன்னு குடுவைக்குள்ள கரி தேய்ச்சு, புகை போட்டு, உங்க வாசல்ல கொண்டாந்து வைக்கிறா."

கெமுண்டோவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நாய்க்கு ஊற்றியதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"நாளையிலேருந்து எனக்கு வேண்டாம் தலாசோ. பிள்ளைக்கே குடு" என்றாள், பாதிக் குரலில்.

தலாசோ பதறிப்போனாள்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். முன்ன இருந்த சிஸ்டர் இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்காமத்தான் போயிட்டாங்க. அப்புறம் எட்டு மாசம் யாருமே வரல. என் மூத்தவன் அப்பதான் காய்ச்சல்ல போனான். பாலைக் குடிச்சுட்டு நீங்க இங்கேயே இருங்க, இவனாவது பொழைக்கட்டும்."