துருவை மூடிய பூச்சு

கடற்காற்றில் அரைக்கண் மூடி நின்றிருந்த பழைய காரின் அடித்தகட்டைத் துரு மெல்லத் தின்றுகொண்டிருந்தது. மழைக்காலத்துக்கு முன் அதைக் காக்கக் கறுப்புப் பூச்சு வந்தது.

"அக்கா, அடியில் துரு இருந்தால் சொல்லிவிடுங்கள். சுரண்டிய பிறகுதான் நான் ஒட்ட வேண்டும்," என்றது பூச்சு.

சுரண்டினால் ஓட்டைகள் ஊருக்குத் தெரியுமே என்று காருக்கு வெட்கம். "எனக்கா துரு? வாயைக் கழுவு! பேசாமல் ஒட்டு."

பூச்சு அப்படியே துருவின் மேல் ஒட்டிக்கொண்டது. உள்ளிருட்டில் துரு கிசுகிசுத்தது: "நன்றி அக்கா. ஈரத்தோடு மூடிவிட்டீர்கள். இனி என்னை எவரும் தேடி வரமாட்டார்கள்."

"சரி, சத்தம் போடாமல் தின்," என்றது கார்.

முதல் பெருமழையில், தான் படகாகிக் கடலில் மிதப்பதாகக் கார் கனவு கண்டது. விழித்தபோது இருக்கை வரை தெருவெள்ளம் ஏறியிருந்தது. கீழே தகடு இல்லை. பூச்சு மட்டும் கிழிந்து, நீரில் அழகாக அசைந்துகொண்டிருந்தது.