மகளுக்கு வைத்த தம்ளர்

நீர்ச் சோதனை அதிகாரி குழாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வீட்டில் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தண்ணீர் தரும். வெளியாள் யாருக்காவது கொடுத்தது தெரிந்தால் இணைப்பு போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்த நிம்மதியில், பழக்கதோஷத்தில், "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று நீட்டிவிட்டாள் செண்பகவல்லி. பள்ளி விட்டு வரும் மகளுக்காக எடுத்து வைத்திருந்த தம்ளர். நீட்டிய பிறகுதான் உறைத்தது.

"வர்றவங்களுக்கெல்லாம் இப்படித்தான் குடுப்பீங்களாம்மா?"

"ஐயோ, இல்ல சார்! தெரியாம..."

அவர் போய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து தம்ளரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். வெடித்த உதடுகளை நக்கிக்கொண்டார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன்மா. எடுத்து வைங்க."